பிரஷ்ன நே, சேர்!

களனிப் பாலத்தால் இறங்கி பேஸ்லைன் வீதிக்குள் நுழைகிறவர் முதலில் பார்ப்பது ஒரு கொன்டெய்னர் லொறியின் முதுகை. ஒருகொடவத்தைச் சந்தியில் அந்த முதுகைப் பார்த்தபடி கால் மணித்தியாலம் நிற்காதவர் கொழும்பில் குறைவு. 1995 ஒக்டோபர் 20-ஆம் திகதி இங்கும் கொலன்னாவையிலும் எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்தபோது இந்தப் பெயர் உலகச் செய்தியில் வந்தது. மற்றபடி கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் உள்ள பவுசு இதற்கு இல்லை. கொன்டெய்னர் யார்ட்கள், கிடங்குகள், சுங்கப் பரிசோதனை, கொரிய உதவியோடு வந்த தொழிற்பயிற்சி நிறுவனம், மூலைக்கு மூலை பிளேன்டீக் கடை. வேலைக்கென்றே வந்துபோகும் ஊர்.

லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பெட்டியின் கதவை வாசிக்கலாம். நான்கு ஆங்கில எழுத்து, பிறகு ஏழு இலக்கம். ஏழாவது இலக்கம் ஒரு சிறு கட்டத்துக்குள் தனியாக இருக்கும். அது காவலுக்கு வைத்த இலக்கம். முன்னால் உள்ள எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் ஒரு பெறுமதி கொடுத்து, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துப் போகும் எண்களால் பெருக்கி, கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வரும் மீதிதான் அது. எழுதுகிறவர் எங்கேயாவது ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டால் மீதி பிசகும், கணினி ஏற்றுக்கொள்ளாது. எழுதுகிறவன் மனிதன், அவன் கட்டாயம் பிழை விடுவான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு இது. இந்த அளவு பெருந்தன்மை நமது அலுவலகங்கள் பலவற்றில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அபிப்பிராயத்துக்குக் காரணம் உண்டு. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு கிளியரிங் நிறுவனத்தில் நான் கிளார்க்காக இருந்தேன். பெயர் வேண்டாம். சுங்கப் பிரகடனமான கஸ்டெக்கை அடிப்பது, டெலிவரி ஓடர் எடுப்பது, வார்ஃப் கிளார்க்மாருக்குப் பின்னால் கோப்போடு ஓடுவது என் வேலை. ஒரு திங்கட்கிழமை ஒரு பெட்டியின் சீல் இலக்கத்தில் 8-ஐ 3 என்று அடித்துவிட்டேன். பெட்டியின் இலக்கத்தில் விட்டிருந்தால் அன்றைக்கே கணினி பிடித்திருக்கும். சீலுக்குக் காவல் இலக்கம் கிடையாது. பெட்டி யார்ட்டில் நின்றது. சீல் ஒத்துவரவில்லை என்று தொலைபேசி வந்ததும் நான் நகலை எடுத்துப் பார்த்தேன். நேரம் காலை பத்தரை. விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? அதற்கு முந்தைய கிழமை இன்னொரு பொடியன் தன் பிழையைத் தானாகப் போய்ச் சொன்னான். முதலாளி எல்லோருக்கும் முன்னால் அவனை நிற்க வைத்துக் கிழித்தார், சம்பளத்திலும் கழித்தார். பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஒன்பது பேரும் அன்று ஒரு பாடம் படித்தோம். முதலாளி படிப்பிக்க நினைத்த பாடம் கவனமாக வேலை செய்யுங்கள் என்பது. நாங்கள் படித்தது, பிடிபடும்வரை சொல்லாதே என்பது. அதே முதலாளி ஒவ்வொரு மீட்டிங்கிலும், “என்ட கதவு எப்பவும் திறந்திருக்கு, யாரும் வந்து மனம் விட்டுக் கதைக்கலாம்” என்பார். கதவு உண்மையிலேயே திறந்துதான் கிடந்தது. அவருடைய அறையில் ஏசி வேலை செய்யாது.

வேலைத்தலத்தில் நம்பிக்கை வளர்ப்பது பற்றிப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்கள் நிறையப்பேர். கயிறு இழுத்தல், பலூன் உடைத்தல், நீர்கொழும்பில் ஒருநாள் சுற்றுலா, எல்லோருக்கும் ஒரே நிற டீஷர்ட். பகிடி பண்ணவில்லை, அந்த டீஷர்ட்டை நானும் போட்டிருக்கிறேன், துணி நல்லது. ஆனால் அங்கே எல்லாம் ஊழியர்கள் கதைப்பதில்லை என்பதே குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கொழும்பு அலுவலகங்களில் கதைக்கு என்ன பஞ்சம்? ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு வட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒன்றில் மனேஜர் இருப்பார். அதில் காலை வணக்கமும் பூக்களும் வரும். மற்றதில் மனேஜர் இருக்கமாட்டார். அலுவலகம் உண்மையில் நடப்பது அதற்குள். சொல்ல வேண்டிய ஆளுக்கு மட்டும் அந்தக் கதை போய்ச் சேர்வதில்லை.

போனாலும் முழுதாகப் போவதில்லை. இது நமது ஊருக்கே உரிய சிக்கல். யார்ட்டில் நிற்கும் தமிழ் லொறிச் சாரதி, “அண்ணே, கதவு ரப்பர் பிஞ்சிருக்கு, மழை பெஞ்சா தண்ணி உள்ள போயிரும், சாமான் நாசம்” என்கிறார். கேட்டவர் அதைச் சிங்களத்தில் சுப்பர்வைசரிடம், “பொடி பிரஷ்னயக்” என்று சொல்கிறார். சிறிய பிரச்சினையாம். சுப்பர்வைசர் அலுவலகத்துக்கு அனுப்பும் ஆங்கில மின்னஞ்சலில் அது ‘மைனர் இஷ்யூ, அண்டர் கன்ட்ரோல்’. மேலே இருப்பவர் தொலைபேசியில் நேராகக் கேட்டால் கீழேயிருந்து வரும் பதில், “பிரஷ்ன நே, சேர்.” பிரச்சினை இல்லை, சேர். மூன்று மொழி ஏறுவதற்குள் தண்ணீர் வற்றிவிட்டது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொருவர் தன் தலை தப்பும் அளவுக்குக் கொஞ்சம் செதுக்கினார், அவ்வளவுதான்.

இதற்குப் பாஷை தெரியாதது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நமது சாரதிமாரில் பலர் சந்தைச் சிங்களத்தில் வெளுத்து வாங்குவார்கள். விலை பேசவும் சண்டை பிடிக்கவும் அந்தச் சிங்களம் போதும். ‘எனக்கொரு சந்தேகம், ஆனால் நிச்சயமில்லை’ என்று சொல்ல அது போதாது. சந்தேகத்தைச் சொல்ல நுணுக்கமான வார்த்தைகள் வேண்டும். அவை தாய்மொழியில்தான் கைவசம் இருக்கும். 1987-இல் 13-ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதல் அரச சேவைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை 7/2007 சொன்னது. சுற்றறிக்கை அரச அலுவலகத்துக்கு. யார்ட்டுக்கும் கிடங்குக்கும் தையல் தொழிற்சாலைக்கும் அப்படி ஒன்றும் இல்லை.

செதுக்கப்பட்ட செய்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொழும்புத் துறைமுகத்திலேயே சாட்சி இருக்கிறது.

2021 மே 11. கட்டாரின் ஹமாட் துறைமுகத்தில் நின்ற ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலில் ஒரு பெட்டி கசிவது தெரிந்தது. உள்ளே நைத்திரிக் அமிலம். கப்பலில் இருந்த அந்த அமிலம் மொத்தம் 25 தொன். ஹமாட்டில் இறக்கித்தரக் கேட்டார்கள். வசதியில்லை என்று பதில். இந்தியாவின் ஹசிராவில் கேட்டார்கள். அங்கும் அதே பதில். 19-ஆம் திகதி இரவு, 1,486 கொன்டெய்னர்களோடு கொழும்புக்கு வெளியே வந்து நங்கூரமிட்டது. 20-ஆம் திகதி புகை. 25-ஆம் திகதி வெடிப்பு. கப்பலில் இருந்த 25 பேரும் இறக்கப்பட்டார்கள். ஜூன் 2-இல் கப்பலின் பின்பகுதி கடலடியில் தட்டியது. மன்னார் முதல் தெற்குக் கரைவரை மீனவர்கள் பிளாஸ்டிக் மணிகளை அள்ளியதை எல்லோரும் பார்த்தோம்.

கப்பல் கட்டிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. தீயணைப்புக் கருவிகளும் புதிது. பெட்டி கசிகிறது என்பது ஒன்பது நாளாகக் கப்பலில் தெரியும். கொழும்பில் தெரிய வேண்டியவர்களுக்கு அது எப்போது, எவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டது என்பதுதான் பிறகு வழக்காயிற்று. 2025 ஜூலை 24-இல் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. என் சீல் பிழைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது. கெட்ட செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் மனம் மட்டும் எனக்கு நன்றாகப் பழக்கமானது.

இன்னொன்றையும் சொல்லாமல் கொட்டாஞ்சேனைப் பக்கம் போகமுடியாது. 2019 ஏப்ரல் 4-ஆம் திகதி அரச புலனாய்வுச் சேவைக்கு, தாக்குதல் நடக்கப்போகிறது என்ற எச்சரிக்கை கிடைத்துவிட்டது. அதைப் பற்றிய கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்தது. குறிப்பு எழுதப்பட்டது, அடுத்தவருக்கு அனுப்பப்பட்டது, கோவையில் போடப்பட்டது. ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு காலை கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது பதினேழு நாள் கடந்திருந்தது. அந்தக் காலத்தில் தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. பொலிஸ் மா அதிபரும் அழைக்கப்படவில்லை. 2018 ஒக்டோபர் அரசியல் குழப்பத்துக்குப் பிறகு ஜனாதிபதியும் பிரதமரும் ஒரே அரசாங்கத்தில் இருந்தபடியே பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கடிதம் ஒவ்வொரு மேசையிலும் பதிவாகியிருக்கிறது. தொலைபேசியை எடுத்து, இதை என்ன செய்தீர்கள் என்று அடுத்தவரைக் குடைந்து கேட்க ஓர் ஆள் இல்லாமல் போனது. 2023 ஜனவரி 12-இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதிக்கு 10 கோடி ரூபாவும், அதிகாரிகள் நால்வருக்குத் தனித்தனியே வேறு தொகைகளும் நட்டஈடாக விதித்தது. ஆலயத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை.

கீழே இருப்பவர் சொன்னது மேலே போய்ச் சேர்ந்த ஓர் இடத்தைப் பார்க்க, இனி அதே பேஸ்லைன் வீதியால் தெற்கே போவோம். தெமட்டகொடை தாண்டி, பொரளை தாண்டி, கனத்தைப் பக்கம். காசல் வீதி மகளிர் வைத்தியசாலை. ஒருகொடவத்தையில் இருந்து சில கிலோமீற்றர்தான். கொழும்பில் பிறந்தவர்களில் எத்தனை பேர் பிறந்த இடம் அது!

2000-ஆம் ஆண்டில் அதற்குப் பணிப்பாளராக இருந்தவர் டொக்டர் விமல் கரண்டகொட. நெரிசல், அழுக்கு, ஆள் பற்றாக்குறை, பணம் இல்லை: எந்த அரச வைத்தியசாலையிலும் கேட்கக்கூடிய பல்லவிதான். அவர் கையில் எடுத்தது ஜப்பான் தொழிற்சாலைகளின் ‘ஐந்து எஸ்’. செய்ரி, செய்டொன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைக் கழி, வேண்டியதை இடத்தில் வை, துப்புரவாக்கு, எல்லா இடத்திலும் ஒரே விதமாக்கு, விடாமல் செய். அப்போது இங்கே அது தொழிற்சாலைகளுக்குள் இருந்த விஷயம்.  அதைப் பிரசவ விடுதிக்குள் கொண்டுபோனார்கள்.

கேட்டால் விளக்குமாற்று விவகாரம் போலத்தான் இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஒரு கதிரையை நினைத்துப் பாருங்கள், பிறகு வேறு மாதிரித் தெரியும்.

இலங்கையில் எந்த அரச அலுவலகத்தின் பின்பக்கத்துக்கும் போங்கள். உடைந்த கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கால் போனது, பின்னல் அறுந்தது, துருப்பிடித்த அலுமாரி, 1980-களின் தட்டச்சுப்பொறி. ஏன் எறியவில்லை? ஒவ்வொன்றுக்கும் இருப்புப் பதிவேட்டில் ஓர் இலக்கம் உண்டு. வருடாவருடம் பொருட் கணக்கெடுப்புக் குழு வந்து எண்ணும். எறிய வேண்டுமானால் யாரோ ஒருவர், ‘இது உதவாது’ என்று கையெழுத்து வைக்கவேண்டும். வைத்தவரைத்தான் நாளைக்குக் கணக்காய்வாளர் கேட்பார். ஆகவே ஒருவரும் வைப்பதில்லை. அந்தக் கதிரைகளை நான் பழைய தளபாடமாகப் பார்ப்பதில்லை. முப்பது வருடம் சேர்த்துவைத்த பயம் அது.

ஐந்து எஸ்ஸின் முதல் எஸ் அந்தக் குவியலில் கை வைக்கச் சொல்கிறது. வைக்க வேண்டுமானால் ‘இது யாருடையது, ஏன் இங்கே இருக்கிறது, எப்போது கடைசியாகப் பாவித்தீர்கள்’ என்று ஒருவரையொருவர் கேட்டாகவேண்டும். கேட்கப்படுகிறவர்களில் பல விஷயம் தெரிந்தவர் யார்? நிபுணர் அல்ல. விடுதியைக் கூட்டித் துடைக்கும் சிற்றூழியர். எந்த அலுமாரியின் பூட்டு வேலை செய்யாது, எந்தத் தள்ளுவண்டியின் சில்லு கிரீச்சிடும், இரவில் கையுறைப் பெட்டி எங்கே ஒளிக்கப்படும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். காசல் வீதியில் செய்தது, ஒவ்வொரு பிரிவிலும் வேலை மேம்பாட்டுக் குழு என்று ஒன்றை அமைத்து, தாதியையும் சிற்றூழியரையும் டொக்டரையும் ஒரே மேசையில் இருத்தியது. நமது வைத்தியசாலைப் படிநிலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. நிபுணரின் பின்னால் நடக்கும்போது காலடி வரிசை கூடப் பிசகாத இடம் அது.

அந்த மேசையில் முதல் நாளே, ‘சேர், நீங்கள் நேற்று பிழையான மருந்து எழுதினீர்கள்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘இந்தத் தட்டு உயரம், எனக்கு எட்டவில்லை’ என்று சொல்வார்கள். அடுத்த கிழமை தட்டு இறங்கியிருந்தால் இன்னொன்றைச் சொல்வார்கள். நம்பிக்கை வார்த்தையால் ஏறுவதில்லை, இப்படித் தட்டுத் தட்டாகத்தான் ஏறும் என்று எனக்குப் படுகிறது. சொன்னது நடந்ததா என்பதை மட்டும் அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருப்பார்.

காசல் வீதியின் அனுபவம் மற்ற வைத்தியசாலைகளுக்குப் போயிற்று. வெளிநாட்டு முகாமைத்துவ ஆய்விதழில் கட்டுரையாயிற்று. 2007 முதல் ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்கா ஆப்பிரிக்க நாடுகளின் வைத்தியசாலை அதிகாரிகளை இங்கே அழைத்துவந்து காட்டியது. தன்சானியா உட்பட பதினைந்து நாடுகள் அந்தத் திட்டத்தில் சேர்ந்தன. பணம் அதிகம் இல்லாத நாட்டில், இருப்பதைக் கொண்டு ஒரு வைத்தியசாலை எப்படி நிமிர்ந்தது என்று பார்க்க வந்தார்கள். நாம்தான் அயலில் இருந்துகொண்டு பிரசவத்துக்கு மட்டும் போய்வருகிறோம்.

வைத்தியசாலை என்றதும் எமி எட்மண்ட்சன் நினைவுக்கு வருகிறார். ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அவர் அமெரிக்க வைத்தியசாலைகளில் மருந்து கொடுப்பதில் வரும் பிழைகளை எண்ணினார். ஒற்றுமையாக வேலை செய்யும் குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் பிழை அதிகம்! தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு விளங்கியது: அவர்கள் கூடுதலாகப் பிழை விடவில்லை, விட்டதை எழுதிவைத்தார்கள். மற்றவர்கள் மறைத்தார்கள். பயமில்லாமல் பிழையைச் சொல்லக்கூடிய அந்த நிலையை 1999-இல் உளப் பாதுகாப்பு என்ற பெயரில் விளக்கினார். உங்கள் நிறுவனத்தில் இந்த மாதம் ஒரு பிழையும் பதிவாகவில்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

பிழையைச் சொல்வதற்கென்றே டொயோட்டா தொழிற்சாலையில் நெடுங்காலம் தலைக்கு மேலே ஒரு கயிறு போனது. கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் குழுத்தலைவர் ஓடிவருவார். உடனே தீராவிட்டால் உற்பத்தி வரிசை நிற்கும். கலிபோர்னியாவின் ஃப்ரீமொன்ட்டில், தொழிலாளர் தகராறுக்குப் பேர்போன ஜெனரல் மோட்டர்ஸ் ஆலை ஒன்று 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவோடு கூட்டாக அதைத் திறந்தபோது எடுத்தது பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களைத்தான். முன்பு வரிசையை நிறுத்தினால் வேலை போகும். இப்போது நிறுத்தச் சொல்லிக் கயிறு கொடுத்திருந்தார்கள். அதே ஆட்கள் நல்ல கார் செய்தார்கள். கயிற்றைக் கட்டுவது சுலபம். முதலாவதாக இழுக்கிறவனிடம் ஓடிவருகிறவரின் முகம் எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நமது தொழிற்சாலைகளில் கயிற்றுக்குப் பதில் ஆலோசனைப் பெட்டி தொங்கும். பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக யாரைப் பற்றி எழுத நினைத்தீர்களோ அவரிடம்தான் இருக்கும்.

என் சீல் கதையை அரைவாசியில் விட்டிருந்தேன். திங்கள் போய், செவ்வாய் போய், புதன் வந்தது. சாமானுக்குரிய வியாபாரி புறக்கோட்டையில் இருந்து நாளுக்கு நாலு தரம் எடுத்தார். “கஸ்டம்ஸில இழுக்குது” என்று சொன்னேன். கொழும்பில் யாரும் மறுகேள்வி கேட்காத சாட்டு அது. யார்ட் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு எதிர்மேசையில் தலைமைக் கிளார்க். கொட்டாஞ்சேனைக்காரர், அறுபது நெருங்கும் வயது, என்னைத் தம்பி என்பார், நான் ஐயா என்பேன். என் கோப்புகளைச் சரிபார்த்துச் சின்னக் கையெழுத்து வைப்பது அவருடைய வேலை.

வியாழக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரம் கோப்பை அவர் முன்னால் வைத்தேன்.

“ஐயா, சீல் நம்பர் நான்தான் பிழையா அடிச்சிட்டன். எட்டை மூண்டெண்டு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோப்பைத் திறக்கவில்லை.

“தெரியும் தம்பி. திங்கக்கிழமையே பாத்தேன்.”

“அப்ப ஏன் ஐயா சொல்லேல்ல?”

“செக் பண்ணாம சைன் வச்சது நாந்தானே. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

திருத்தக் கடிதம் ஒரு பக்கம்கூட வரவில்லை. தட்டச்சு செய்யப் பத்து நிமிடம், முதலாளி வெளியே போயிருந்த நேரம் பார்த்து முத்திரை குத்த இரண்டு நிமிடம். அடுத்த நாள் பெட்டி வெளியே வந்தது. யார்ட் வாடகைப் பற்றுச்சீட்டைக் கணக்கில் பதியும்போது காரணம் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் பேனையை வாங்கி, தன் அழகான கையெழுத்தில், ‘சுங்கத் தாமதம்’ என்று எழுதினார்.